பெயருக்குப் பின்னால் விட்ட இடம்

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு ஏப்ரல் மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. காலை முதலே புழுக்கம். பிற்பகல் மூன்றரை மணியளவில் மேற்கே இடி இடித்து, கால் மணி நேரம் கோடைமழை பெய்து, தெருப்புழுதியைக்கூட முழுமையாக நனைக்காமல் நின்றுவிட்டது. அந்த நாளிலிருந்து தொடங்கினால்தான் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும். உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள் கேட்டது என்ன? ‘மணிவாசகன் இந்த முகவரியில்தான் இருக்கிறாரா, எவ்வளவு நாளாக?’ என்பது. ‘ஆமாம்’ என்று ஒரே சொல்லில் நான் முடித்துவிடலாம். அப்படி முடித்துவிடும்படி எனக்கு எழுத்து மூலமான அறிவுறுத்தலும் இருக்கிறது. இதோ, இந்தத் தண்ணீர்ச் சொம்பின் அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என் மனைவி துணைமாலை. நீங்களே படியுங்கள். ‘மணி வேலை விஷயமா விசாரிக்க ஒருத்தர் வருவாங்க. ஆமான்னு மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். கும்பிட்டுக் கேக்குறேன்.’

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று பார்க்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். அவள் இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள். இந்த வேலை கிடைக்க வேண்டுமென்று ஒன்பது வாரம் விளக்குப் போடுகிறாள், இது எட்டாவது வாரம். மகன் மணிவாசகன் மதுரைக்குப் போயிருக்கிறான். புதிய நிறுவனத்தார் கேட்ட மருத்துவப் பரிசோதனைக்காக. பட்டம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம் அவர்கள். ஒரு வேலையைக் கொடுத்து இரண்டு நாளில் செய்யச் சொன்னார்களாம், செய்தானாம், எடுத்துக்கொண்டார்களாம். எஞ்சியிருப்பது நீங்கள் கொண்டுவந்திருக்கும் இந்தப் படிவம் ஒன்றுதான். ஆகவே இதன் அருமை எனக்குத் தெரியாமலில்லை. தெரிவதனால்தான் முழுமையாகச் சொல்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியப் பணி. கடைசி ஒன்பது ஆண்டு மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அரைகுறை விடைக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் இட்டதில்லை. இப்போது நானே அரைகுறையாக விடையளிக்கலாமா?

நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? பி.இ., கணினிப் பொறியியலா? முதல் வகுப்பா! மிக நன்று. இந்த வெயிலில் வண்டியில் வீடு வீடாகச் சென்று முகவரி சரிபார்க்கும் பணிக்கும் முறையாகப் பட்டம் பெற்றவரை அமர்த்தியிருக்கிறார்கள் பாருங்கள். அதுதான் ஒழுங்கு. மூன்று ஆண்டாக இதே பணியா? நல்லது, நல்லது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று மகனுடைய திருமண அழைப்பிதழின் மெய்ப்பு வந்தது. கந்தையா என்று நம்மூரில் அச்சகம் வைத்திருக்கிறார். மழைக்கு ஒதுங்கியது போலவே உள்ளே வந்தார். மெய்ப்பை மேசைமீது விரித்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மணமகன், மணமகள், பெற்றோர், தாய்மாமன், தாய்மாமன் மனைவி என்று யார் பெயர் வந்தாலும் பின்னால் அவர் பெற்ற பட்டம் வரவேண்டும். என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.எட்.; மணமகள் சுகந்திக்கு எம்.சி.ஏ.; அவள் தந்தை சங்கரபாண்டியன், கோவில்பட்டிக்காரர், அவருக்கு பி.காம். எல்லாம் சரி. ஆனால் என் மகன் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சாகியிருந்தது.

“இதை யார் போடச் சொன்னது?” என்றேன்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். பிறர் பேச்சை மேற்கோள் காட்டும்போது திருத்தக் கூடாது. “யாரும் சொல்லல சார். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்காப்ல, இன்ஜினியர் காலேஜ்ல படிச்சாப்ல. நானாத்தான் போட்டேன்.”

சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

“சார், எல்லாரும் போடுறதுதான சார். அரியர் வச்சவன், பாதியில வந்தவன், எல்லாரும் போடுறான். பத்திரிகையப் பாத்து யாரு மார்க் சீட் கேக்கப் போறா?”

“எல்லாரும் போடட்டும். நான் பார்த்துத் திருத்திய தாளில் வராது.”

“அப்ப மென்பொருள் பொறியாளர்னு போட்டுருவமா? அது வேலை பேருதான, பட்டம் இல்லைல்ல?”

கந்தையா கெட்டிக்காரர். ஆனால் பட்டம் பெறாதவன் எப்படிப் பொறியாளன் ஆவான்? மருந்துக்கடையில் நிற்பவரை மருத்துவர் என்று அச்சிடுவோமா? வேண்டாம் என்றேன். அந்த இடத்தை அப்படியே விடச் சொன்னேன். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை பேரு மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருக்கே சார்” என்றார். இருக்கட்டும் என்றேன். விழுந்த பல்லுக்கு வரைந்த பல் வைக்க முடியாது.

மாலையில் மகன் தொலைபேசியில் அழைத்தான். கந்தையாதான் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குக் கோபமில்லை, அவனுக்கு அப்போதெல்லாம் கோபம் வராது. “அப்பா, ஒண்ணு செய்வோமே. யாருக்குமே டிகிரி போட வேண்டாம். உங்களுக்கு, எனக்கு, சுகந்திக்கு, அவங்க அப்பாவுக்கு, யாருக்கும் வேண்டாம். வெறும் பேரு மட்டும். பாக்கவும் அழகா இருக்கும்ல?” என்றான்.

“உழைத்துப் பெற்றவர்களின் பட்டத்தை நீக்க நமக்கு என்ன உரிமை?” என்று கேட்டேன்.

“சுகந்தியே சொல்லிட்டாப்பா, அவளுக்கு வேண்டாமாம். அவங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“எனக்கு வேண்டும்” என்றேன்.

இதில் தற்பெருமை ஒன்றுமில்லை அம்மா. இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பணியில் இருந்துகொண்டே, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் உட்கார்ந்து படித்து வாங்கியவை அவ்விரண்டும். “ஆபீஸ்லயும் இந்தப் பத்திரிகையத்தான்பா குடுக்கணும்” என்றான்.

“கொடு. அதில் பிழை ஒன்றுமில்லை.”

நீங்கள் கேட்கலாம், நான்கு ஆண்டு கல்லூரிக்குப் போனவனுக்கு ஏன் பட்டமில்லை என்று. ஒரு தாள், அம்மா. ஒரே ஒரு தாள். நீங்களும் எழுதியிருப்பீர்கள், முதலாமாண்டில் வருமே, பொறியியல் வரைபடம். கூம்பை வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும், பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று வரைவது. அதில் அவன் தவறிக்கொண்டே இருந்தான். மற்ற எல்லாத் தாளும் தேறிவிட்டான். சிலவற்றில் வகுப்பிலேயே முதல். இது மட்டும் ஐந்து முறை. “அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே வரையும்பா, என் வேலைக்கு அது எதுக்குப்பா?” என்பான். எதற்கு என்பது பாடத்திட்டம் வகுத்தவர்களின் கவலை. தேறுவது மாணவனின் கவலை.

அந்த நிலையிலேயே இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்துவிட்டான். பத்துப் பேர் கொண்ட இடம். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. புரோகிராம் எழுதச் சொல்லிப் பார்த்தார்களாம். மூன்று ஆண்டு கழித்து அதைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. எல்லாருடைய ஆவணங்களையும் கேட்டார்கள். இவனுக்கு மேலே இருந்தவர் இவனைப் பற்றிய தாளில் ‘சான்றிதழ் வரவேண்டியுள்ளது’ என்று எழுதி அனுப்பிவிட்டார். பொய்யில்லை, வரவேண்டித்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த மேலாளர் ஒருமுறை இவ்வழியாகக் குற்றாலம் போகும்போது வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, “சார், பன்னெண்டு ஆஸ்பத்திரி எங்க சாப்ட்வேர்ல ஓடுது. ஓடுறது உங்க பையன் கைல. அவன் லீவ் போட்டா எனக்கு லீவே கிடையாது” என்றார். “அவன் கையில் ஓடுகிறது, சரி. சான்றிதழில் ஓடவில்லையே” என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டு காப்பித் தம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு இரண்டாயிரத்துப் பதினாறு பிப்ரவரி. காலவரம்பு முடிந்து போனவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு சிறப்பு வாய்ப்பு அளித்தது. நிலுவைத் தாளை ஒருமுறை எழுதிக்கொள்ளலாம். இனி வாய்ப்பே கிடையாது. மணி எட்டு மாதமாக வரைபடம் வரைந்து பழகியிருந்தான். அறையெல்லாம் கூம்பும் உருளையுமாகத் தாள்கள் கிடந்ததாக அவன் அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்திலும் சான்றிதழ் நகல்களிலும் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் மேலொப்பம் வேண்டும். கடைசி நாள் இருபத்திரண்டு, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி, மதுரைப் பக்கத்துக் கல்லூரியில் நேரில்.

அவன் பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தான். சென்னையில் அவனுக்கு எந்த அதிகாரியைத் தெரியும்? தந்தையே தலைமையாசிரியர், தந்தை கையிலேயே பச்சை மை இருக்கிறதே என்று வந்தான். வீட்டுக்குக்கூட வராமல் நேரே பள்ளிக்கு வந்து வரிசையில் நின்றான். அன்று காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கூட்டம். பிற்பகல் முழுவதும் ஒப்பமிட்டேன். நாற்பத்தொரு பேர். பாதிப்பேர் முகம் எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் மறுக்கவில்லை, மூலச் சான்றைப் பார்த்தேன், நகலைப் பார்த்தேன், பச்சை மையால் ஒப்பமிட்டு முத்திரை வைத்தேன். நாற்பத்திரண்டாவதாக மணி நின்றான். தாள்களையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“உறவினருக்கு நான் மேலொப்பம் இடலாகாது. வேறொருவரிடம் போ” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “சார் விளையாடுறாரு” என்றார் ஒருவர். மணி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு என்னைத் தெரியும். “அப்பா, நாளைக்கும் நாளன்னைக்கும் ஆபீஸ் லீவு. திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்” என்றான். அதற்குள் வேறொரு அலுவலரைத் தேடிக்கொள்ள இரண்டு நாள் இருக்கிறதே என்றேன். முத்திரையை எடுத்துப் பூட்டினேன். ஒன்றரை மணி நேரம் வீணாக வரிசையில் நின்றுவிட்டான், பாவம். வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் அப்போதே மறுத்திருப்பேன்.

அப்படி ஒரு விதி எழுத்தில் இருக்கிறதா என்று துணைமாலை அன்றே கேட்டாள். எழுதப்படாத விதிகளும் உண்டு அம்மா. அவற்றைக் காப்பதற்குத்தான் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவன் கால்நடை மருத்துவரைத் தேடிப் போனான்; அவர் முகாமுக்குப் போய்விட்டார். அரசு மருத்துவமனைக்குப் போனான். மருத்துவர் புறநோயாளிகளையெல்லாம் பார்த்து முடித்து ஒன்றே கால் மணிக்கு ஒப்பமிட்டார். இரண்டு பேருந்து மாறிக் கல்லூரி போய்ச் சேரும்போது ஐந்து இருபது. ஐந்து மணிக்குச் சாளரத்தை மூடிவிட்டார்கள். மூடியது முற்றிலும் முறை. நானாக இருந்தாலும் மூடியிருப்பேன். அவன் அன்றிரவே சென்னைக்குப் போய்விட்டான். எழுதித் தேறாமல் போயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். இது நேர மேலாண்மை இல்லாமை. அவனுக்கு ஒரு பாடம்.

என்ன அம்மா, பேனாவை மூடிவிட்டீர்கள்? மோர் தரட்டுமா? வேண்டாமா? சரி.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. நீங்கள் பார்க்க வேண்டும்; ஓர் ஒற்று மிகாமல், ஓர் எழுத்துக் குறையாமல், அவ்வளவு தூய்மை. கோவில்பட்டிக்கு ஒரு கட்டு அனுப்பினேன். இரண்டாம் நாள் சம்பந்தி சங்கரபாண்டியன் அழைத்தார்.

“சம்பந்தி, மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி என்னமோ விட்டுப்போச்சு போலிருக்கே?”

“விட்டுப்போகவில்லை. தெரிந்தே விட்டேன்.”

“தெரிஞ்சே விட்டீகளா? ஏன்?”

விளக்கினேன். சுகந்திக்கு எல்லாம் தெரியும், மணி அவளிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கிறான். தந்தையிடம் அவள் சொல்லவில்லை போலும். அவர், “இதை எங்கிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். இப்படி ஊருக்கே அடிச்சு அனுப்பிச்சுட்டீகளே. எங்க மூத்த மருமகன் இப்பவே கேக்குறாரு, தம்பி என்ன பிளஸ் டூவான்னு” என்றார். திருமணம் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தப் பெண் நிற்கவிடவில்லை. “கட்டிக்கிட்டா இவரைத்தான்” என்று சொல்லிவிட்டாளாம்.

வைகாசியில் திருமணம். தாலி கட்டி முடிந்து, பரிசளிப்போர் வரிசை மேடையேறிக்கொண்டிருந்தது. நான் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். மகனுடைய அலுவலகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வேன் வைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஜெயசீலன் என்பவர் எச்.ஆர்., அதாவது பணியாளர்களைச் சேர்ப்பதும் விலக்குவதும் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். என் பக்கத்தில் வந்து அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “சார், இன்விடேஷன்ல மணிக்கு மட்டும் டிகிரி விட்டுப்போச்சு. ஆபீஸ்ல ஒரு வாரமா அவனை ஓட்டிக்கிட்டு இருக்கோம். தமிழ் வாத்தியார் வீட்டுப் பத்திரிகைலயே பிரிண்டிங் மிஸ்டேக்கான்னு” என்று சிரித்தார்.

அச்சுப்பிழையாம்! நான் மெய்ப்புப் பார்த்த தாளில்!

சொன்னேன் அம்மா. தாளின் பெயர், தவறிய முறைகள், காலவரம்பு முடிந்த ஆண்டு, சிறப்பு வாய்ப்பின் கடைசி நாள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ‘வரவேண்டியுள்ளது’ என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கும் சான்றிதழ் இனி வராது என்பதையும் சொன்னேன். ஏனென்றால் அது இனி வரவேண்டியதும் அன்று. அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது. கையை எடுத்துக்கொண்டார். “இது எனக்குத் தெரியாமயே இருந்திருக்கலாம் சார்” என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. அறிந்துகொள்ளத்தானே ஒருவர் வினவுகிறார்?

மேடையிலிருந்து மணி எங்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னே பார்க்கும்படி புகைப்படக்காரர் அவனிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. சுகந்தி சிரிக்கிறாள், அவன் பக்கவாட்டில் பார்க்கிறான். ஆல்பம் உள் அறையில் இருக்கிறது. எடுத்துக் காட்டலாம், ஆனால் சாவி துணைமாலையிடம்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய விடை இதில்தான் வருகிறது. ஆனியில் அவனை அழைத்துப் பேசினார்கள். பணியாளர் அனைவரும் பட்டதாரிகள் என்று தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. தெரியாதவரைக்கும் சரி, தெரிந்த பிறகு பேசாமல் இருந்தால் ஜெயசீலன் வேலைக்கே ஆபத்து. பதினைந்து நாளில் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும், அல்லது தானே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். மேலாளர் வாதாடிப் பார்த்தாராம். மணி எழுதிக் கொடுத்தான். ஆகஸ்டு ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெட்டியும் ஒரு கணினியுமாக இங்கே வந்து இறங்கினான். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: இந்த முகவரியில் பதினான்கு மாதமாக இருக்கிறான்.

அன்று பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து துணைமாலை கேட்டாள்: “அன்னைக்கு ஒரு பச்சைக் கையெழுத்து. ஒரே ஒண்ணு. போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?” விதியை மீண்டும் ஒருமுறை எடுத்துரைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேண்டியவற்றைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவாள். சீட்டு வழக்கம் அப்படித் தொடங்கியதுதான். மகனும் பேசுவதில்லை, நான் உண்டு எழுந்த பிறகு மாடியிலிருந்து இறங்கி வந்து உண்பான். எனக்கு இதில் குறையொன்றுமில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. வாசிக்க வசதி. சில நாள் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் சத்தமிட்டுக்கொண்டு போகும்போது வாசலில் போய் நிற்பேன், அவ்வளவுதான்.

அவன் வேலை தேடாமல் இல்லை. எல்லா நிறுவனத்துக்கும் கணினியில்தானே விண்ணப்பம்? பட்டம் பெற்ற ஆண்டு என்னும் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவிடாதாம். “பொய்யா ஒரு வருசத்தப் போட்டுட்டுப் போயேன்” என்று அவன் நண்பன் ஒருவன் வந்து சொன்னதை நானே கேட்டேன். மணி, “எங்க அப்பா பேரு ரெஃபரன்ஸ்ல இருக்கும்டா” என்றான். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

சுகந்தி சென்னையில் விடுதியில் தங்கி வேலைக்குப் போனாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது என் எதிரே வந்து நின்று, “மாமா, நீங்க என்னைக்காவது அவர்கிட்ட, நீ நல்லா வேலை செய்யுறடான்னு ஒரு தடவையாச்சும் சொல்லிருக்கீங்களா?” என்று கேட்டாள். அவன் வேலையை நான் பார்த்ததில்லை, பார்க்காத விடைத்தாளுக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்றேன். மாடிக்கும் கூடத்துக்கும் பதினாறு படிதான் மாமா என்றாள். சென்ற ஆடியில் அவள் தந்தை வந்து அழைத்துப்போனார். மாப்பிள்ளைக்கு நிலையான வேலை கிடைக்கிற அன்று அனுப்புகிறேன், அதுவரை கேட்க வேண்டாம் என்று வாசலில் நின்றே சொன்னார். ஆகவேதான் ஒன்பது வார விளக்கு, ஆகவேதான் இந்தச் சீட்டு. புரிகிறதா அம்மா, இந்தப் படிவம் இந்த வீட்டில் எத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறது என்று?

சரி, கொடுங்கள், பார்க்கிறேன். இது அவன் நிரப்பியதன் நகலா? கையெழுத்து இப்போதும் நன்றாக இருக்கிறது. கல்வித் தகுதி: பொறியியல், நான்கு ஆண்டு பயின்றது, பட்டம் பெறவில்லை. சபாஷ். உண்மையாக எழுதியிருக்கிறான். முகவரி சரி. அஞ்சல் குறியீடு சரி. முந்தைய பணியிலிருந்து விலகிய காரணம்... ‘சொந்த விருப்பம்.’

இது சரியில்லையே.

இல்லை அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது, முகவரிக்கு மட்டும் ஒப்பம் போதும் என்கிறீர்கள். ஆனால் படித்துப் பார்த்த பிறகு நான் எப்படிப் பிழையோடு விடுவது? அவன் விரும்பி விலகினானா? இப்போதுதானே எல்லாவற்றையும் சொன்னேன்? இங்கே கீழே பாருங்கள், ‘சரிபார்ப்பவர் குறிப்பு’ என்று நான்கு வரி இடம் விட்டிருக்கிறார்கள். வெற்றிடமாகவே அனுப்பப் போகிறீர்களா? முதல் வகுப்பில் தேறியவர் நீங்கள், வெற்றிடம் விடலாமா?

ஏன் படிவம் வைத்த அட்டையை இழுக்கிறீர்கள்? கிழிந்துவிடும். விடுங்கள். நீங்கள் எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன். உங்களுக்குச் சிக்கல் ஒன்றும் வராது; என் பெயர், என் கையெழுத்து. நகலில் இந்த இரண்டு சொல்லையும் ஒரே கோட்டால் அடிக்கிறேன், படிக்கும்படி. அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் இடுகிறேன். அதுதான் திருத்தும் முறை. இப்போது குறிப்பு. ‘விண்ணப்பதாரர் தம் விருப்பத்தால் விலகவில்லை. பட்டம் இல்லாமை வெளிப்பட்டதால் முந்தைய நிறுவனம் விலகச் செய்தது. இங்ஙனம், ச. திருமேனிநாதன், எம்.ஏ., எம்.எட்., விண்ணப்பதாரரின் தந்தை.’ தேதி. அவ்வளவுதான். நான்கு வரிக்குள் அடங்கிவிட்டது.

பச்சை மை இல்லை, நீலம்தான். ஓய்வு பெற்ற பிறகு பச்சை மையைத் தொட எனக்கு உரிமையில்லை. உறவினருக்கு ஒப்பமிடலாமா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அது மேலொப்பம் அம்மா. இது திருத்தம். திருத்தத்துக்கு உறவு குறுக்கே வராது.

எழுந்துவிட்டீர்களா? கண்ணில் தூசியா? வெயிலில் வந்தது. பார்த்துப் போங்கள். அதோ, வாசலில் செருப்பைக் கழற்றுகிறாளே, அவள்தான் துணைமாலை. கையில் குங்குமம் வைத்திருப்பாள், எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததா என்று உங்களைத்தான் கேட்பாள். நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா. நான் சொல்ல முடியாது. அவள் என்னோடு பேசுவதில்லை.